கைப்பிடிச்சுவர் இல்லாத குடில்

இவ்வாரத் தியானப் பகுதி: உபாகமம் 22:8



திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. குறுவை வைக்கோலில் நல்லதாகப் பார்த்து நான்கு கட்டு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் நம் வாலிபர்கள். மூங்கில், தென்னங்கீற்று, பரணிலிருந்து இறக்கிய சீரியல் விளக்குகள், போன வருடத்துப் பொம்மைகள் எல்லாம் ஒவ்வொன்றாக வீட்டு முற்றங்களில் வந்து சேருகின்றன. இன்னும் சில நாட்களில் நம் தெருக்களில் வீட்டுக்கு வீடு குடில் எழும்பும். கிறிஸ்துமஸ் இரவில் ஊரார் குடும்பம் குடும்பமாக அவற்றைப் பார்க்க வருவார்கள். அப்படி வருகிறவர்களில் பெரும்பாலோர் நம் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். பக்கத்துத் தெருவிலிருந்து பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிற பாட்டி, வயல்வேலை முடித்துக் குளித்துவிட்டு மனைவி மக்களோடு வருகிற தொழிலாளி, பாட்டுக் கச்சேரிகளுக்கு வந்து பழகிய இந்தத் திருவையாற்றின் மூலைமுடுக்குகளிலிருந்து வருகிற பள்ளிப் பிள்ளைகள். வருடத்தில் அவர்கள் நம் வாசலுக்குள் காலெடுத்து வைக்கிற ஒரே நாள் அது.

இவ்வாரம் நான் எழுதப்போவது குடிலின் அழகைப் பற்றியன்று. அதைப் பார்க்க வருகிறவர்கள் வந்தபடியே வீடு திரும்புவதற்கு நாம் என்ன செய்திருக்கிறோம் என்பதைப் பற்றியே. குடிலை அலங்கரிக்க நூறு கைகள் உண்டு; குடிலுக்கு வருகிறவனுடைய காலடிக்கு ஒரு விளக்கு வைக்க ஒரு கையும் இல்லை. வானத்தில் தொங்கும் நட்சத்திரத்துக்கு நூறு பல்பு. வாசற்படிக்கு ஒன்றும் இல்லை. இதை அலட்சியம் என்று மட்டும் சொல்லி விட்டுவிட என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. வேதம் இதற்கு வேறொரு பெயர் வைத்திருக்கிறது. அதனுடைய பெயர் இரத்தப்பழி.

உபாகமப் புத்தகத்தின் 22 ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பறவையின் கூட்டைப் பற்றிய கட்டளைக்கும் திராட்சத்தோட்டத்தில் விதைப்பதைப் பற்றிய கட்டளைக்கும் நடுவே, எளிதில் கண்ணில் படாத ஒரு சிறு வசனம் இருக்கிறது. புதிதாக வீடு கட்டுகிறவன் தன் மெத்தையைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும். எழுப்பாமல் விட்டு ஒருவன் அங்கிருந்து விழுந்தால், அந்த இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்பதே அதன் கருத்து. கைப்பிடிச்சுவர் என்று நம் வேதாகமம் மொழிபெயர்த்திருக்கும் எபிரெயச் சொல் பழைய ஏற்பாட்டில் இந்த ஓர் இடத்தில் மட்டுமே வருகிறது. ஆலயத்தைப் பற்றியோ பலிபீடத்தைப் பற்றியோ பேசுமிடத்தில் அந்தச் சொல் இல்லை. சாதாரண ஒருவனுடைய வீட்டுக் கூரையைப் பற்றிப் பேசும்போதுதான் வருகிறது.

இஸ்ரவேலருடைய வீட்டு மெத்தை வெறுமையாய்க் கிடந்த இடமன்று. ராகாப் சணல் தட்டைகளைப் பரப்பிவைத்ததும், தேடிவந்த இருவரை மறைத்துவைத்ததும் மெத்தையின்மேல்தான். சாமுவேல் சவுலோடே பேசினதும், யோப்பா பட்டணத்தில் பேதுரு ஜெபம்பண்ண ஏறினதும் மெத்தையின்மேல்தான். மாலைக் காற்றுக்கு விருந்தாளியை அழைத்துப்போகும் இடம் அது. ஆகவே அந்தக் கட்டளை வீட்டுக்காரனைக் காப்பதற்காகக் கொடுக்கப்பட்டதன்று. அவனுக்கு விளிம்பு எங்கே இருக்கிறதென்று தெரியும், இருட்டிலும் தெரியும். புதிதாக வந்தவனுக்குத்தான் தெரியாது. அழைத்தவன் அறிந்திருக்கிற ஆபத்தை அழைக்கப்பட்டவன் அறியமாட்டான். அந்த அறியாமைக்கு ஈடாக அழைத்தவன் ஒரு சுவர் எழுப்பித் தரவேண்டும். விழுகிறவன் பார்த்து நடந்திருக்கவேண்டும் என்று கர்த்தர் அங்கே ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பழியை அவர் வீட்டின்மேல் வைக்கிறார்.

யாத்திராகமம் 21 ஆம் அதிகாரமும் இதே வழியில் நடக்கிறது. குழியை வெட்டி மூடாமல் விட்டவன், அதில் விழுந்த அயலானுடைய மாட்டுக்கு ஈடு செலுத்தவேண்டும். மாட்டுக்கே இந்த நியாயம் என்றால், நம் முற்றத்துக்கு வருகிற அயலானுடைய மகனுக்கு எவ்வளவு அதிகம்!

இதைச் சொன்னவுடன் நம்மில் சிலருடைய வாயிலிருந்து தயாராக ஒரு பதில் வரும்: "கர்த்தருடைய காரியந்தானே ஐயரே, அவர் பார்த்துக்கொள்வார்." கேட்பதற்கு விசுவாசத்தைப் போலத் தொனிக்கும் இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் சோதித்துப் பார்ப்போம். மத்தேயு 4 ஆம் அதிகாரத்தில், தேவாலயத்து உப்பரிகையின்மேல் நம் ஆண்டவரை நிறுத்தி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள், குதியும் என்று சங்கீதத்தை எடுத்துப் பேசினது யார்? அங்கே வசனம் சொன்னவன் பிசாசு. அதை மறுத்தவர் இயேசு. தேவனைப் பரீட்சை பார்க்கலாகாது என்பது அவருடைய பதில். தோல் உரிந்த மின்கம்பியை ஈர வைக்கோலின்மேல் போட்டுவிட்டு, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்கிறவன், தான் குதிக்கவில்லை. அயல்வீட்டுப் பிள்ளையை உப்பரிகையின் விளிம்பில் நிறுத்துகிறான். இது விசுவாசம் என்றால் மாயை எது?

குடிலுக்குள்ளேயே இதற்குப் பதில் நின்றுகொண்டிருக்கிறது. பாலகனுக்கும் மரியாளுக்கும் பக்கத்தில், கையில் கோலோடு அமைதியாக நிற்கிற யோசேப்பின் பொம்மையைப் பாருங்கள். ஏரோது பிள்ளையைக் கொலைசெய்யத் தேடுகிறான் என்று தூதன் சொன்ன இரவில் அவர் என்ன செய்தார்? தேவகுமாரனுக்குத் தீங்கு வருமோ என்று படுத்துத் தூங்கினாரா? இராத்திரியிலே எழுந்து, பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் புறப்பட்டார். உலகத்தின் இரட்சகரையே முன்னெச்சரிக்கையுள்ள ஒரு மனிதனுடைய கையில் ஒப்புவித்துக் காக்கச் சித்தங்கொண்டார் பிதா. முன்னேற்பாட்டை அவிசுவாசம் என்று பழிக்கிறவர்கள் முதலாவது யோசேப்பைக் குடிலிலிருந்து எடுத்துவிடட்டும்.

"வருடா வருடம் போடுகிறோம், இதுவரைக்கும் ஒன்றும் ஆகவில்லையே" என்பது இரண்டாவது பதில். இந்த மண்ணில் வாழ்கிற நாம் அப்படிப் பேசக் கூடாது. தஞ்சைத் தரணி இதற்குக் கொடுத்திருக்கிற விலை கொஞ்சமன்று. 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோவிலில் குடமுழுக்குக்காக அமைத்த யாகசாலைக் கீற்றுப் பந்தல் தீப்பிடித்தது. தீயிலும் நெரிசலிலும் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையற்கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 பிள்ளைகள் வெளியே வர வழியின்றி வெந்து மடிந்தார்கள். 2022 ஏப்ரல் 27 அன்று, விடிவதற்கு முன்னே, தஞ்சையை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேரின் உச்சி உயரழுத்த மின்கம்பியில் உரசி, சிறுவர்கள் உட்பட 11 பேர் இறந்தார்கள்.

இவற்றைச் சொல்லும்போது நம்மில் ஒருவரும், அது அவர்களுடைய கோவில், அது அவர்களுடைய தேர் என்று உள்ளத்தில் விலகி நிற்க வேண்டாம். இறந்தவர்கள் நம் ஊரார். நம்மோடு ஒரே பேருந்தில் போய்வந்தவர்கள். பக்தியோடு கூடிவந்த எளிய ஜனங்கள். தேர் எது, குடில் எது என்று பார்த்துப் பாய மின்சாரத்துக்குத் தெரியாது. எந்த மதத்தாருடைய கீற்று இது என்று தீ விசாரிப்பதில்லை. அந்த மூன்று இடங்களிலும் அதற்கு முந்தின நாள்வரைக்கும் ஒன்றும் ஆகாமல்தான் இருந்தது.

மூன்றாவது பதில் இன்னும் நுட்பமானது: "நாங்கள் யாரையும் அழைக்கவில்லை. குடில் போட்டோம், அவர்களாக வருகிறார்கள். அவரவர் பத்திரத்தை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும்." இந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் தேசத்துக்கு வெளியே ஓர் உதாரணம் உண்டு. மேல்நாடுகளில் அக்டோபர் மாதக் கடைசியில் ஹாலோவீன் என்றொரு வேடிக்கை விழாக் கொண்டாடுகிறார்கள். தென்கொரியாவின் சியோல் நகரத்திலும் வாலிபப் பிள்ளைகள் அதைக் கொண்டாடக் கூடுவார்கள். 2022 அக்டோபர் 29 இரவில் அந்நகரத்தின் இட்டேவோன் பகுதியில், நான்கு மீட்டர் அகலம்கூடத் தேறாத ஒரு சரிவான சந்தில் ஜனம் நெருங்கி, மூச்சுவிட இடமின்றி 159 பேர் மாண்டார்கள். நெரிசல் முற்றுவதற்குச் சில மணி நேரம் முன்னமே பலர் காவல்துறையைத் தொலைபேசியில் அழைத்து எச்சரித்தும் இருந்தார்கள். பிற்பாடு விசாரித்தபோது, அந்தக் கூட்டத்துக்கு அமைப்பாளர் என்று ஒருவருமே இல்லை என்பது பெரிய வாதமாயிற்று. ஒருவரும் அழைக்கவில்லை, ஆகவே வழியை ஒழுங்குபடுத்துவது ஒருவருடைய வேலையாகவும் இருக்கவில்லை. யாரும் அழைக்காத கூட்டத்திலும் சாகிறவர்கள் மெய்யாகவே சாகிறார்கள்.

ஹாலோவீனைக் குறித்து இன்னும் ஒரு வார்த்தை சொல்லி நம்மை வெட்கப்படுத்த விரும்புகிறேன். அமெரிக்காவில் அந்நாளில் வீட்டு முற்றத்தில் போலிக் கல்லறைகளையும் எலும்புக்கூடுகளையும் தாங்களே செய்து வைத்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை வரவேற்கிறார்கள். அந்த வேடிக்கையின் கருத்தோடு நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் பூசணிக்காய்க்குள் மெழுகுவர்த்திக்குப் பதிலாகப் பேட்டரி விளக்கு வையுங்கள், பிள்ளைகள் நடந்துவரும் பாதையில் தடுக்கி விழும் பொருள் ஒன்றும் கிடக்க வேண்டாம், வாசல் விளக்கு எரியட்டும் என்று அங்குள்ள தீயணைப்புத் துறையினர் வருடந்தோறும் அறிவிக்கிறார்கள். அதைக் கேட்டுச் செய்கிற வீட்டுக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். பேய்ப்பொம்மை வைக்கிறவன் பிள்ளைகளின் காலுக்கு விளக்கு வைக்கிறான். உலகத்தின் ஒளியானவருடைய பிறப்பைக் காட்டுகிற நாம், அவருடைய வாசலை இருட்டாக வைத்திருக்கிறோம்.

இனி நம் குடில்களுக்குள் போய்ப் பார்ப்போம். நான் சொல்லப்போகிறவை எல்லாம் நீங்கள் அறிந்தவையே.

முதலாவது, குடில் எரியக்கூடிய பொருளால் ஆனது. வைக்கோல், கீற்று, காகிதம், தெர்மோகோல், இவற்றின்மேல் பனி என்று சொல்லிப் பஞ்சு. திருவையாற்றில் பனிக்கட்டி பெய்து கண்டவர் யார்? எங்கிருந்தோ வந்த வாழ்த்து அட்டையைப் பார்த்துப் பஞ்சைப் பரப்பி, அதன் நடுவே மெழுகுவர்த்தியை ஏற்றுகிறோம். அசிசி நகரத்துப் பிரான்சிஸ் 1223 ஆம் ஆண்டு கிரேச்சியோ என்னும் மலையூரில் வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்து முன்னணைக் காட்சியை அமைத்தபோது, ஜனங்கள் தீவட்டிகளோடு வந்தார்கள். எண்ணூறு வருடங்களுக்கு முன்னே அவர்களுக்கு வேறு வெளிச்சம் இல்லை. நமக்கு இருக்கிறது. சூடேறாத எல்.இ.டி. விளக்கு எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. ஆகவே குடிலுக்குள் தீயினால் எரிகிற எந்த விளக்கும் வேண்டாம். காகித நட்சத்திரத்துக்குள் சூடேறுகிற பழைய குண்டு பல்பும் வேண்டாம். வெடி வெடிக்கிற இடம் குடிலுக்கும் கீற்றுப் பந்தலுக்கும் எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது, மின்சாரம். டிசம்பர் நமக்கு மழைக்காலம். முற்றம் சேறாகவும் சுவர் ஈரமாகவும் இருக்கிற மாதத்தில்தான் நாம் வீட்டு மின்சாரத்தை வெளியே இழுத்து வருகிறோம். பரணில் பதினொரு மாதம் கிடந்த ஒயரை எலி கடித்திருக்கும். இணைப்பில் சுற்றின டேப் காய்ந்து உரிந்திருக்கும். அதை அப்படியே எடுத்து மாட்டுகிறோம். போதாததற்கு, பெத்லகேமில் அருவி கொட்டவேண்டும் என்று தொட்டி கட்டி, மீன்தொட்டி மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் ஓடவிடுகிறோம். ஓடுகிற தண்ணீரைக் கண்ட எந்தக் குழந்தை கையை நனைக்காமல் போகும்? தண்ணீரும் 230 வோல்ட்டும் கூடுகிற இடத்துக்குக் குழந்தையின் கையை அழைக்கிறவன் என்ன செய்கிறான் என்று நிதானித்துக்கொள்ளுங்கள். மின்கசிவு ஏற்பட்டவுடன் இணைப்பைத் தானாகத் துண்டிக்கிற ஆர்.சி.டி. என்னும் கருவியை, 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளதாக, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பொருத்துங்கள். அது இல்லாத வீட்டில் அருவி வேண்டாம். நட்சத்திரம் கட்டுகிற மூங்கில் தெருவின் மின்கம்பிக்குப் பக்கத்தில் எழும்பவே வேண்டாம். ஈர மூங்கிலில் மின்சாரம் பாயும். கம்பத்தில் கொக்கி போட்டு எடுக்கிற மின்சாரத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2003 ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135 ஆம் பிரிவு அதைத் திருட்டு என்கிறது. பத்துக் கட்டளைகளில் எட்டாவதும் அப்படியே சொல்லுகிறது. திருடின வெளிச்சத்தில் இயேசு பாலகனைக் காட்டுவது அவருக்குக் கனமன்று.

மூன்றாவது, வழி. குடிலைப் பார்க்க வருகிறவர் வந்த வழியே திரும்பவேண்டியிருந்தால், உள்ளே வருகிறவரும் வெளியே போகிறவரும் ஒருவர்மேல் ஒருவர் மோதுவார்கள். உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி என்று கயிறு கட்டிப் பிரியுங்கள். குழந்தையைத் தூக்கினவரும் கோல் ஊன்றினவரும் தாராளமாக நடக்கும் அகலம் இருக்கட்டும். பாதைக்குக் குறுக்கே ஒயர் ஓட வேண்டாம். படி இருந்தால் அதன் விளிம்பில் சுண்ணாம்பு பூசி, பக்கத்தில் ஒரு விளக்கு வையுங்கள். முற்றத்தில் கிணறு உண்டா? அது மூடப்படட்டும். திறந்த சாக்கடை உண்டா? பலகை போடுங்கள். முற்றம் சிறியதானால் பத்துப்பத்துப் பேராக உள்ளே விடுங்கள். வெளியே போகிற வழியில் பொம்மைக்கடையோ, பலூன்காரரோ, நிறுத்தின இரு சக்கர வாகனங்களோ நிற்க வேண்டாம். கும்பகோணத்துப் பிள்ளைகளைக் கொன்றது தீ மட்டுமன்று. வெளியே வரும் வழி குறுகலாயிருந்ததும் அவர்களைக் கொன்றது.

நான்காவது, வயல்நாட்டில் வாழ்கிற நமக்கே உரியது. அடுக்கிவைத்த வைக்கோலுக்குள் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். மழைக்காலத்து இரவில் கட்டுவிரியன் எங்கே படுத்திருக்கும் என்று நம் விவசாயிகளுக்குத் தெரியும். பட்டணத்துப் பிள்ளைக்குத் தெரியாது. வைக்கோலை வெயிலில் உதறிக் காயவைத்த பின்னரே பரப்புங்கள். ஒவ்வொரு மாலையும் விளக்குப் போடுமுன்னே ஒரு கோலினால் கிளறிப் பாருங்கள். பிள்ளைகள் வைக்கோலைத் தொடாதபடி குடிலுக்கு முன்னே ஒரு கை தூரத்தில் மூங்கில் தடுப்புக் கட்டுங்கள். கைப்பிடிச்சுவர் என்பது நம் ஊரில் அந்த மூங்கில்தான்.

ஐந்தாவது, ஆட்கள். வாசலில் ஒருவர், வெளிவழியில் ஒருவர், மெயின் சுவிட்சின் அருகே ஒருவர் என மூவராவது குடில் திறந்திருக்கும் நேரம் முழுவதும் நிற்கவேண்டும். இரண்டு வாளி மணலும் ஒரு தீயணைப்புக் கருவியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தீப்பிடித்தால் முதலில் மெயின் சுவிட்சை அணைக்கவேண்டும். அணைக்குமுன் தண்ணீர் ஊற்றலாகாது. மின்சாரம் தாக்கிக் கிடக்கிறவரை வெறுங்கையால் தொட்டு இழுக்கலாகாது. தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108 என்று அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பதற்றத்தில் படித்தவனுக்கும் எண் மறந்துபோகும். இருட்டையும் நெரிசலையும் பயன்படுத்திப் பெண்பிள்ளைகளைச் சீண்டுகிற கைகளும் உண்டு என்பதை மறைக்காமல் சொல்லுகிறேன். நல்ல வெளிச்சமும், விழிப்பாக நிற்கிற ஒரு மூத்த சகோதரியும் அங்கே இருந்தால் அந்தக் கைகள் ஒடுங்கும்.

வாசலில் நிற்பது தாழ்ந்த வேலை, பாடற்குழுவில் நிற்பது உயர்ந்த ஊழியம் என்ற எண்ணம் நம் வாலிபர்களிடத்தில் இருக்கிறது. பாட முப்பது பேர் முன்வருகிறார்கள். வாசலில் நிற்க ஒருவரைத் தேட வேண்டியிருக்கிறது. 84 ஆம் சங்கீதத்தைப் பாடின கோராகின் புத்திரர் தேவனுடைய ஆலயத்தின் வாசற்படியில் காத்து நிற்பதை எவ்வளவு மேன்மையாக எண்ணினார்கள் என்று வாசித்துப் பாருங்கள். அவர்களுடைய வம்சத்தாருக்கு ஆலயத்தின் வாசல்காவலே உத்தியோகமாயிருந்தது என்று நாளாகமம் சொல்லுகிறது. பாட்டும் வாசல்காவலும் ஒரே குடும்பத்தின் ஊழியங்கள்.

அசம்பாவிதம் ஒன்று நடந்துவிட்டால் நிகழ்ச்சி நிற்கவேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்போஸ்தலர் நடபடிகள் 20 ஆம் அதிகாரத்தில், துரோவா பட்டணத்து மேல்வீட்டில் அநேக விளக்குகள் எரிந்தன. ஐத்திகு என்னும் வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்து தூங்கி, மூன்றாம் தளத்திலிருந்து விழுந்தான். பவுல் பிரசங்கத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை, இறங்கிப்போனார். ஒரு சிறுவன் மயங்கி விழுந்தாலும் பாட்டை நிறுத்துங்கள், விளக்கை முழுவதும் போடுங்கள், இறங்கிப்போங்கள்.

"இவ்வளவு கெடுபிடி செய்தால் பண்டிகையின் மகிழ்ச்சி என்னாவது?" என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்லுவேன். ஆடிப்பெருக்கு அன்று காவிரி பெருகி ஓடும்போது படித்துறையில் தடுப்புக் கட்டுகிறார்கள். அதனால் யாருடைய மகிழ்ச்சி குறைந்தது? கயிற்றுக்கு இந்தப்பக்கம் நின்று பயமின்றி முழுகி எழுகிறார்கள். "செலவாகுமே" என்கிறவர்களுக்கு: பத்துச் சரம் விளக்கு வாங்குகிற இடத்தில் ஐந்து வாங்குங்கள், மீதியில் காவல் கருவி வந்துவிடும். "எங்கள் வீடு சிறியது, இத்தனைக்கும் இடமில்லை" என்கிறவர்கள், தெருவில் நிற்கிறவர் பார்க்கும்படி திண்ணையின்மேல் சிறு குடில் வையுங்கள். உள்ளே ஒருவரும் வரத் தேவையில்லை. பெத்லகேமின் முன்னணை அதைவிடச் சிறியது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நின்று, "இத்தனை ஆபத்து இருக்கிறதென்றால் குடிலே வேண்டாம், வீட்டுக்குள் ஜெபம் போதும்" என்று சொல்லுகிற மூப்பர்களுக்கும் என் மறுப்பு உண்டு. கர்த்தர் மெத்தையை இடிக்கச் சொல்லவில்லை. கைப்பிடிச்சுவரைத்தான் கட்டச் சொன்னார். கதவை மூடிக்கொண்டால் விபத்து வராதுதான், அயலாரும் வரமாட்டார்கள். ஐதர் அலியின் படைகள் இந்தத் தரணியைப் பாழாக்கிய பஞ்சக் காலத்தில், அரசாங்கத்தாரை நம்பித் தானியம் கொடுக்க மறுத்த குடியானவர்கள், சுவார்ட்ஸ் ஐயர் விலைக்குப் பிணையாக வாக்குக் கொடுத்தபோது தஞ்சைக் கோட்டைக்கு மாடுகளில் நெல் கொண்டுவந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அவருடைய மதத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். இவர் நம்மை ஏமாற்றமாட்டார் என்று அந்த மனிதரை நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் இந்த மண்ணில் நமக்குக் கிடைத்த பழைய ஆஸ்தி. கிறிஸ்துமஸ் இரவில் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நம் முற்றத்துக்குள் வருகிற பாட்டியும் அதே நம்பிக்கையோடுதான் வருகிறார். வேதம் படிக்கிற வீடு, ஆபத்து இராது என்று நினைக்கிறார். நம்முடைய சாட்சியின் முதல் வாக்கியம் அவர் தடுக்காமல் நடந்துபோகிற அந்தத் தரைதான்.

ஆகையால் சபைக் கமிட்டிக்கும் வாலிபர் சங்கத்துக்கும் என் வேண்டுகோளை வெளிப்படையாகவே வைக்கிறேன். குடில் போட்டியில் உயரத்துக்கும் அசைகிற பொம்மைகளுக்கும் மதிப்பெண் கொடுக்கிற வழக்கம் இந்த வருடத்தோடு நிற்கட்டும். நடுவர்கள் குடிலைப் பார்க்குமுன்னே வழியைப் பார்க்கட்டும். தீயினால் எரிகிற விளக்கு இருந்தாலும், தோல் உரிந்த ஒயர் இருந்தாலும், வெளியே போகத் தனி வழி இல்லாவிட்டாலும், அந்தக் குடில் எவ்வளவு அழகாயிருந்தாலும் பரிசுக்கு உரியதாகாது. நம் ஆலய முற்றத்துக் குடிலுக்கும் இதே விதி. டிசம்பர் மூன்றாம் வாரத்துக்குள் உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவர் வந்து பார்த்துச் சரியென்று சொல்லாவிட்டால், அதன் விளக்குகள் எரியவேண்டாம். குடில் இருட்டாயிருந்தாலும் பாலகன் பிறப்பார். பரிசு வாங்கின பெரிய குடிலில் ஓர் அயலானுடைய பிள்ளை மாண்டுபோனால், அதற்குப் பிற்பாடு இந்த ஊரில் எந்த வாயினால் நாம் சமாதானத்தின் பாட்டைப் பாடுவோம்?

ஜெபிப்போம்.

அயலானை எங்கள் வாசலுக்கு அனுப்புகிற ஆண்டவரே, எங்கள் கைகளின் அலங்காரத்தில் நாங்கள் மயங்கிப்போகாதபடி எங்களைக் காத்தருளும். யோசேப்புக்குக் கொடுத்த விழிப்பை எங்கள் வாலிபர்களுக்கும் தாரும். வாசலில் நிற்கிறவர்களையும் சுவிட்சின் அருகே காவலிருக்கிறவர்களையும் உமது ஊழியக்காரராக ஏற்றுக்கொள்ளும். எங்கள் முற்றத்துக்கு வருகிற ஒவ்வொரு பிள்ளையும் சிரித்த முகத்தோடே தன் வீடு சேரட்டும். எந்த இரத்தப்பழியும் எங்கள் வீடுகளின்மேல் இராதபடி எங்களை ஞானத்தினால் நிரப்பும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்.